31-ஆம் முனை: நிரல் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் பயின்றவர்கள் 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தியின் 40 முனைகளையும் மனப்பாடம் செய்திருப்பர். அவற்றுள் 31-ஆம் முனைக்கு ஈஏ என்று பெயர். தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாவாக அது அடிக்கடி வரும். விடையும் இரண்டே வரிகள். முனையை ஐந்து வோல்ட்டுடன் இணைத்தால் சில்லு தன் உள் நினைவகத்திலிருந்து நிரலைப் படிக்கும். தரையுடன் இணைத்தால் வெளியிலிருந்து படிக்கும். விடை சரிதான். ஆனால் அப்படி ஒரு முனை ஏன் தேவைப்பட்டது, அதை மூடுவதற்குப் பின்னாளில் ஏன் அவ்வளவு முயற்சி நடந்தது என்பது பாடநூல்களில் பெரும்பாலும் இல்லை. நிரல் எங்கே இருக்கிறது, அதை யார் படிக்கலாம் என்னும் வினா தொழிற்சாலையில் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

ஒரே சில்லில் செயலியும் நினைவகமும் அமைந்த தொடக்ககாலக் கருவிகளுள் பெரும் விற்பனை கண்டது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்1000. கேரி பூன், மைக்கேல் காக்ரன் ஆகியோரின் 1971-ஆம் ஆண்டுப் பணியிலிருந்து உருவான அது, 1974-இல் விற்பனைக்கு வந்தது. அதன் 1024 பைட் நிரல், சில்லைத் தயாரிக்கும்போதே ஒளிமறைப்புத் தகட்டின் வழியாகப் பொறிக்கப்பட்டது. மாஸ்க் ரோம் என்று அதனைச் சொல்வர். ஒரு கணிப்பானுக்கோ பொம்மைக்கோ பல்லாயிரம் சில்லுகள் வாங்குபவர்களுக்கு இம்முறை மலிவு. நூறு சில்லு வேண்டுவோருக்கு அது எட்டாக் கனி. நிரலில் ஒரு பிழை இருந்தால் தகட்டையே மாற்ற வேண்டும்; ஏற்கெனவே வந்திறங்கிய சில்லுகள் குப்பைக்குப் போகும். எனவே நிரலை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க, நினைவகக் கோடுகளை வெளியே கொண்டுவந்த, கூடுதல் முனைகள் உடைய தனிவகைச் சில்லு ஒன்றையும் அந்நிறுவனம் தர வேண்டியிருந்தது. உள்ளே பூட்டிய நிரலுக்குப் புறத்தே ஒரு வாசல் வேண்டும் என்னும் தேவை அப்போதே தோன்றிவிட்டது.

இன்டெல் நிறுவனம் 1976-இல் கொணர்ந்த 8048 குடும்பத்தில் அவ்வாசல் சில்லின் பொது அமைப்பிலேயே இடம்பெற்றது. ஒரே வடிவமைப்பு மூன்று உருவங்களில் கிடைத்தது: மாஸ்க் ரோம் உடைய 8048, அழித்தெழுதத்தக்க ஈப்ராம் உடைய 8748, நிரல் நினைவகமே இல்லாத 8035. டவ் ஃப்ரோமன் 1971-இல் இன்டெல்லில் உருவாக்கிய ஈப்ராம், குவார்ட்சு சாளரத்தின் வழியே புறஊதா ஒளி பட்டால் அழியும், மீண்டும் எழுதலாம். அதனையே நுண்கட்டுப்படுத்தியின் உள்ளே வைத்ததுதான் 8748. ஆய்வுக்கூடத்தில் அதைக் கொண்டு நிரலை எழுதிச் சோதித்து, பிழை தீர்ந்தபின் 8048-க்கு ஆணை அனுப்புவது வழக்கமாயிற்று.

உள்நினைவகமும் புறநினைவகமும் ஒன்றாக இயங்குவதற்கு அக்காலத்து நல்ல எடுத்துக்காட்டு ஒரு விளையாட்டுக் கருவி. 1978-இல் மேக்னவாக்ஸ் வெளியிட்ட ஒடிசி-2 என்னும் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியின் மூளை 8048. அடிப்படை நிரல் சில்லினுள் இருந்த 1024 பைட்டில் அடங்கியது. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனிப் பேழையில், அதாவது புற நினைவகத்தில் வந்தது. முகவரி 1023-ஐத் தாண்டியதும் சில்லு தானாகவே பேழையைப் படிக்கத் தொடங்கும். சிறுவர்கள் பேழையை மாற்றியபோதெல்லாம், அறியாமலே ஒரு நுண்கட்டுப்படுத்தியின் புற நிரல் நினைவகத்தை மாற்றிக்கொண்டிருந்தனர்.

1980-இல் வந்த 8051 இதே ஏற்பாட்டை விரித்தது. அதன் கட்டமைப்பை வகுத்தவர் ஜான் வார்டன். உள்ளே 4096 பைட் ரோம், 128 பைட் தற்காலிக நினைவகம். வெளியே 65,536 பைட் வரை நிரலுக்கும், தனியே இன்னொரு 65,536 பைட் வரை தரவுக்கும் இடம். ஈப்ராம் உடைய 8751, ரோம் இல்லாத 8031 ஆகியனவும் உடன்வந்தன. ஈஏ முனை உயர்நிலையில் இருந்தால் முகவரி 0 முதல் 4095 வரை உள்ளிருந்தும், 4096 முதல் வெளியிலிருந்தும் படிக்கப்படும். தாழ்நிலையில் இருந்தால் முகவரி 0-இலிருந்தே வெளிதான். உள்ளே ரோம் இருந்தாலும் இல்லாததே போல.

வெளியிலிருந்து ஒரு பைட்டைப் படிப்பது எளிய செயல் அன்று. முகவரிக்கு 16 கோடுகள் வேண்டும், தரவுக்கு 8 வேண்டும். சில்லில் இருப்பதோ 40 முனைகள். எனவே முகவரியின் கீழ்ப்பாதியும் தரவும் துறை 0-இன் எட்டுக் கோடுகளையே பங்கிட்டுக்கொள்கின்றன. மேற்பாதி துறை 2-இல் வருகிறது. முதலில் கீழ்ப்பாதி முகவரி துறை 0-இல் தோன்றும். 30-ஆம் முனையான ஏஎல்ஈ தாழும்போது, வெளியே உள்ள 74373 போன்ற ஒரு தாழ்ப்பாள் சில்லு அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்பு துறை 0 தன்னை விடுவித்துக்கொண்டு காத்திருக்கும். 29-ஆம் முனையான பிசென் தாழும். அதனை ஏற்று ஈப்ராம் தன் பைட்டைக் கோட்டில் வைக்கும். பிசென் உயரும்போது சில்லு அதனை உள்வாங்கும். 12 கடிகாரத் துடிப்புகள் கொண்ட ஓர் எந்திரச் சுழற்சியில் இது இருமுறை நிகழும். 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்துடன் ஓடும் சில்லு 500 நானோநொடிக்கு ஒருமுறை ஒரு பைட்டைக் கேட்கிறது என்பது கணக்கு. வேடிக்கை என்னவெனில், நடக்கும் கட்டளை ஒரே பைட் உடையதாயினும் இரண்டாம் முறையும் படிக்கும். படித்ததை எறிந்துவிட்டு அடுத்த சுழற்சியில் அதே பைட்டை மறுபடி கேட்கும்.

இதில் காத்திருப்பு என்பது இல்லை. 8085 செயலியில் ரெடி என்றொரு முனை உண்டு. நினைவகம் மெதுவாக இருந்தால் செயலியைச் சற்றே நிறுத்தி வைக்கலாம். 8051-இல் அத்தகைய முனை கிடையாது. முகவரி வெளிவந்து ஏறத்தாழ 300 நானோநொடிக்குள் பைட் வந்தாக வேண்டும். வராவிட்டால் கோட்டில் அப்போது என்ன இருக்கிறதோ அதையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 450 நானோநொடி எடுக்கும் பழைய 2716 ஈப்ராம்கள் 12 மெகாஹெர்ட்ஸுக்கு ஈடுகொடுக்க இயலாமல் போனதும், அவற்றுக்காகப் படிகத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்ததும் இதனால்தான்.

உள்ளிருந்து படிக்கும்போது இவை எவையும் வெளியே தெரிவதில்லை. பிசென் அசையாது, துறை 0-உம் துறை 2-உம் பிற பணிகளுக்கு விடப்படும். ஏஎல்ஈ மட்டும் கடிகாரத்தின் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கும். அலைநோக்கியை ஏஎல்ஈ மீது வைத்துச் சில்லுக்கு உயிர் இருக்கிறதா என்றும், பிசென் மீது வைத்து அது எங்கிருந்து படிக்கிறது என்றும் தொழில்நுட்பர்கள் கண்டறிவர். உள்நினைவகம் உடைய சில்லில் ஈஏ முனையை இணைக்க மறந்த மாணவர்களின் சுற்று ஏன் ஓடுவதில்லை என்பதும் இதனால் விளங்கும். தாழ்நிலையில் சரிந்த ஈஏ, இல்லாத ஈப்ராமைத் தேடச் சில்லை அனுப்புகிறது. துறை 0-இல் இழுவைத் தடைகள் இருப்பின் ஒவ்வொரு பைட்டும் 255 என்றே படிக்கப்படும். 8051-இன் மொழியில் 255 என்பதும் முறையான கட்டளைதான்: திரட்டியில் உள்ளதை ஏழாம் பதிவகத்துக்கு நகர்த்து என்பது அதன் பொருள். சில்லு 65,536 முறை அதனையே செய்து, முகவரி சுற்றி வந்ததும் மீண்டும் தொடங்கும். பிழைச்செய்தி ஏதும் வாராது.

இந்தியச் சூழலில் இக்குடும்பத்தின் வரலாற்றில் 8031-க்குத் தனி இடம் உண்டு. மாஸ்க் ரோமுக்குப் பெருந்தொகை ஆணை தர வேண்டும். சாளரம் உடைய பீங்கான் உறை 8751 விலை கூடியது. ஆகவே சிறு தொகையில் கருவி செய்வோருக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் 8031, ஒரு தாழ்ப்பாள் சில்லு, ஓர் ஈப்ராம் என்னும் மூவர் கூட்டணியே உகந்ததாயிற்று. 32 உள்ளீடு-வெளியீட்டுக் கோடுகளில் 16 அதற்கே செலவாகும்; ஆயினும் ஈப்ராமைக் கழற்றிப் புறஊதா விளக்குப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்தால் அழித்து மறுபடி எழுதலாம்.

கல்லூரிப் பயிற்சிப் பெட்டிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. 8051 நிரலையும் தரவையும் தனித்தனி உலகங்களாக வைத்திருப்பது. நிரல் நினைவகத்தைப் படிக்க மூவ்சி என்ற கட்டளை இருக்கிறது. அதில் எழுதுவதற்குக் கட்டளையே இல்லை. அப்படியாயின் மாணவர் விசைப்பலகையில் தட்டும் எண்களை எங்கே எழுதி எவ்வாறு ஓட்டுவது? பிசென் முனையையும் தரவு படிக்கும் ஆர்டி முனையையும் ஓர் ஆண்ட் வாயிலில் சேர்த்து, அதன் வெளியீட்டை ஒரே ராம் சில்லுக்குக் கொடுப்பதே வழி. இரண்டில் எது தாழ்ந்தாலும் ராம் பதில் சொல்லும். கண்காணிப்பு நிரல் மூவ்எக்ஸ் கட்டளையால் அந்த ராமில் தரவாக எழுதும். பின்பு அதே முகவரிக்குத் தாவி, எழுதியதை நிரலாகப் படிக்கும். சென்னையில் செய்த பெட்டிகளைக் கொண்ட தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயின்றோர், நிரலைப் பதினாறின் அடிமானத்தில் 4100 என்னும் முகவரியிலிருந்து தொடங்குவதை மறந்திருக்க மாட்டார்கள். பதின்மக் கணக்கில் அது 16,640. உள் ரோமின் எல்லையைத் தாண்டி வெகுதொலைவு. இரு உலகங்களையும் ஒன்றாக்கிய ஆண்ட் வாயிலின் அருளால்தான் அம்முகவரியில் எழுதவும் ஓட்டவும் முடிந்தது என்பதை ஆய்வுக்கூடக் கையேடுகள் விளக்குவது அரிது. முகவரி மட்டும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வந்தது.

திறந்து வைத்த வாசலில் திருடனும் வரலாம். ஒரு நிறுவனம் 8751-இல் தன் நிரலை எழுதி விற்கிறது. போட்டியாளர் சில்லை எழுதுகருவியில் செருகிச் சரிபார்ப்பு முறையில் பைட் பைட்டாகப் படித்துவிடலாம். அவ்வழியை அடைத்தாலும் ஈஏ இருக்கிறது. ஈஏ-ஐத் தாழ்த்திச் சில்லைப் புற நிரலுடன் தொடங்கு. அந்நிரல் 4096-க்கு மேலான முகவரிக்குத் தாவட்டும். அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈஏ-ஐ உயர்த்து. இப்போது 0 முதல் 4095 வரை உள் ரோம் என்று சில்லு கொள்கிறது; ஆனால் கட்டளையிடுவது அயலார் நிரல். அது மூவ்சி கட்டளையால் உள்ளே உள்ளதை ஒவ்வொரு பைட்டாக எடுத்துத் துறை 1-இல் வைத்துவிடும். சில்லை உடைக்க வேண்டியதே இல்லை.

இதற்கு விடையாகப் பூட்டு பிட்கள் வந்தன. 8751எச் சில்லில் ஒரே பாதுகாப்பு பிட்: அதை இட்டால் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது, புற நிரலையும் ஓட்ட இயலாது. பின்வந்த வகைகளிலும், ஆட்மெல் நிறுவனம் 1993-இல் ஃபிளாஷ் நினைவகத்துடன் வெளியிட்ட 89சி51-லும் மூன்று படிகள் இருந்தன. முதற்படி, புறத்திலிருந்து ஓடும் மூவ்சி உள்ளே எட்டிப் பார்ப்பதைத் தடுத்தது. ஈஏ-இன் நிலையைத் தொடக்க நொடியிலேயே பதிந்துகொண்டு பின்னர் மாறினாலும் பொருட்படுத்தாதிருக்கச் செய்தது. இரண்டாவது, சரிபார்ப்பு முறையை மூடியது. மூன்றாவது, புற நிரல் ஓடுவதையே நிறுத்தியது. இவ்வரிசை ஒரு வரலாற்று ஆவணம் போன்றது. ஒவ்வொரு படியும் எந்த வகைத் திருட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதை விவரக்குறிப்பின் மூன்று வரிகளிலிருந்தே படித்துவிடலாம்.

நிரலை வெளியே வைத்தே மறைத்துக் காட்டுவோம் என்று முயன்ற சில்லும் உண்டு. டாலஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்5002எஃப்பி 8051-இன் கட்டளைகளையே புரிந்துகொள்ளும். ஆனால் புற ராமில் உள்ள நிரல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். சில்லினுள் வந்தபின்பே விடுவிக்கப்படும். மார்க்கஸ் குன் 1990-களின் பிற்பகுதியில் அதனை வென்றார். மறையாக்கம் ஒரு பைட் அளவிலேயே நடந்ததால், ஒரு முகவரியில் சாத்தியமான மதிப்புகள் 256 மட்டுமே. ஒவ்வொன்றாக ஊட்டி, துறையில் என்ன நிகழ்கிறது என்று பார்த்தார். சில மதிப்புகளுக்கு விளைவு தெரிந்தது. அதனைக் கொண்டு சிறு நிரலொன்றைக் கட்டி, சில்லையே தன் நிரலை வெளியே சொல்ல வைத்தார். சாவியைக் கண்டுபிடிக்க அவர் முயலவே இல்லை. சாவி உள்ளே பத்திரமாக இருக்க, வீடு காலியாயிற்று.

இந்தியாவில் இவ்வினா பொதுவாழ்வுக்குள் நுழைந்தது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வழியாக. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதன்முறை பயன்பட்டது. சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் 1984-இல் கூறி அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1988-இல் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1998-இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தில்லி ஆகிய மாநிலங்களின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்னும் இரு பொதுத்துறை நிறுவனங்கள் அவற்றைச் செய்கின்றன.

தேர்தல் ஆணையம் எப்போதும் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்று: நிரல் ஒருமுறை மட்டுமே எழுதத்தக்கது, சில்லினுள் எரிக்கப்பட்டபின் அதனை மாற்றவோ படிக்கவோ இயலாது. ஒருமுறை எழுதத்தக்கது என்னும் சொல்லின் பின்னே ஒரு சுவையான செய்தி உண்டு. 1980-களில் அப்பெயரில் விற்ற நுண்கட்டுப்படுத்திகள் பலவற்றின் உள்ளே இருந்தது அதே ஈப்ராம்தான். சாளரம் இல்லாத நெகிழி உறையில் அடைத்ததால் ஒளி புகாது, ஒளி புகாததால் அழியாது. அழியாத்தன்மை சிலிக்கானின் இயல்பாக அன்று, உறையின் இயல்பாக இருந்தது. வாக்கு இயந்திரங்களுக்கு இதனை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் ஒரு பாதுகாப்புச் சொல்லைக் கேட்டதும் அது எந்தப் பொருளின் பண்பைக் குறிக்கிறது என்று வினவுவது நல்லது.

2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் முதலியோர் ஓர் இயந்திரத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அதன் கட்டுப்பாட்டு அலகில் ஜப்பானிய ரெனேசாஸ் நிறுவனத்தின் எச்8 வகை நுண்கட்டுப்படுத்தி இருந்தது. நிரல் அதன் மாஸ்க் ரோமில் இருந்தது. ஆனால் வாக்கு எண்ணிக்கை அச்சில்லுக்கு வெளியே, இரு ஈஈப்ராம் சில்லுகளில் சேமிக்கப்பட்டது. அவ்வாய்வாளர்கள் செய்து காட்டிய தாக்குதல்களுள் ஒன்று நிரலைத் தொடவே இல்லை. ஈஈப்ராம் மீது ஒரு சிறு கவ்வியைப் பொருத்தி எண்களை மாற்றியது. இயந்திரத்தைக் கைப்பற்றி நெடுநேரம் வைத்திருக்க முத்திரைகளும் காவலும் இடந்தராது என்பது ஆணையத்தின் மறுமொழி. அம்மறுமொழியில் நியாயம் உண்டு. ஆனால் அது சில்லைப் பற்றிய மறுமொழி அன்று, காவலைப் பற்றியது. விவாதம் அப்புள்ளியில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நகர்ந்துவிட்டதைப் பலர் கவனிக்கவில்லை.

படிக்க இயலாமைக்கு இரு முகங்கள் இருப்பதையும் அக்கட்டுரை சுட்டியது. எவராலும் படிக்க முடியாத நிரலை எதிரி அறிய முடியாது. உற்பத்தி செய்து வந்த சில்லில், அனுப்பிய நிரல்தான் இருக்கிறதா என்று செய்வித்தவரும் அறிய முடியாது. 89சி51-இன் இரண்டாம் பூட்டு பிட்டை இட்ட எந்த மாணவரும் இதைக் கண்டிருப்பார்: பூட்டியபின் எழுதுகருவியின் சரிபார்ப்புப் பொத்தான் உரிமையாளருக்கும் வேலை செய்யாது.

2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா அமர்வு, முற்றிலும் வாக்குச்சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை நிராகரித்தது. அத்துடன் ஒரு புதிய வழியையும் திறந்தது. முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் எரிக்கப்பட்ட நினைவகத்தை, அதாவது நுண்கட்டுப்படுத்தியை, உற்பத்தி நிறுவனப் பொறியாளர்கள் சோதித்துச் சரிபார்க்க வேண்டும் என்றது. ஆணையம் அவ்வாண்டு ஜூலையில் வகுத்த செயல்முறையில் சரிபார்ப்பு என்பது ஓர் இயந்திரத்துக்கு 1400 வாக்குகள் வரை மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்ப்பதாக அமைந்தது. நினைவகத்தின் உள்ளடக்கம் வெளியே எடுத்து ஒப்பிடப்படவில்லை என்று மனுதாரர்கள் மீண்டும் நீதிமன்றம் சென்றனர். சரிபார்ப்பின்போது இயந்திரத்தில் உள்ள தரவை அழிக்க வேண்டாம் என 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் கூறியது.

மாதிரி வாக்குப்பதிவு நிரலின் நடத்தையைச் சோதிப்பது. நினைவகத்தைப் படிப்பது நிரலையே சோதிப்பது. முதலாவது, ஊட்டிய உள்ளீடுகளுக்கு இயந்திரம் சரியாக விடை சொன்னதா என்று மட்டுமே கூறும். ஊட்டாத உள்ளீட்டுக்கு என்ன செய்யும் என்று கூறாது. இரண்டாவதற்குச் சில்லில் ஒரு வாசல் வேண்டும்: முழு நிரலையும் வெளியிடாமல், அதன் கைரேகை போன்ற ஒரு குறியெண்ணை மட்டும் கணக்கிட்டுத் தருவதாயினும் போதும். ஆனால் அக்குறியெண்ணைக் கணக்கிடுவதும் உள்ளே உள்ள நிரலே என்றால், அது தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்கிறது. அயலார் சாட்சி வேண்டுமெனில் வெளியிலிருந்து ஒருவர் படிக்க வேண்டும். அதற்காகவே முன்பு ஈஏ இருந்தது. திருட்டுக்கு அஞ்சி அடைக்கப்பட்டதும் அதே வழிதான்.